எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து

குரும்பலூரில் எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். எந்தப் பிள்ளையையும் எந்தப் பரீட்சையிலும் தேற்றிவிடுவேன் என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. கேள்வி எப்படி வரும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளை பதில் சொல்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும். அதற்காகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் உண்டு.

இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நான் செய்த தப்பை வேறொரு அம்மா செய்திருக்க மாட்டாள். டியூஷன் எடுக்கிறவளுக்குத்தான் அது தோன்றும்.

என் ஒரே மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. பேப்பரைக் கையில் கொடுத்தால் தலைப்புச் செய்தியிலிருந்து இரங்கல் விளம்பரம் வரை தடங்கலில்லாமல் வாசிப்பாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை வாயில் நிற்கும். ஆனால் சட்டைப் பொத்தான் போட அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும், போட்டு முடித்தால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ரசம் சாதம் சாப்பிட்டால் தட்டில் பாதி, தரையில் பாதி. சமதளமான டைல்ஸில் நடந்து போகும்போது திடீரென்று விழுவாள். எங்கள் வீட்டு நிலைக்கதவு அவள் பிறந்த நாளிலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது, தினமும் அதில் ஒரு தடவை இடித்துக்கொள்வாள். நோட்டில் எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கிடக்கும். பக்கத்தை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

"வேணும்னே பண்றடி நீ" என்பேன். தெரியாதவளாக இருந்தால் எனக்குப் பொறுமை வந்திருக்கும். எல்லாம் தெரிந்தும் செய்யாமல் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இருபது ஊர்ப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவளுக்குச் சொந்தப் பிள்ளையின் நோட்டை அடுத்தவர்களிடம் காட்டக் கூச்சமாக இருந்தது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரம்பலூரில் இருக்கும் தனியார் பள்ளி. வகுப்பு மிஸ் நோட்டை மேசை மேல் விரித்துவைத்தார். "வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றா. எழுதச் சொன்னா பாதிகூட முடிக்க மாட்டேங்குறா. ஷூ லேஸ், டிபன் பாக்ஸ், எல்லாத்துக்கும் யாராச்சும் ஒதவணும்." பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியை சுற்றி வளைக்கவில்லை. "ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டி, செக் பண்ணி, பேப்பர் வாங்கிட்டு வந்துருங்கம்மா. ஆனுவல் எக்ஸாமுக்கு முன்னாடி வந்தா நல்லது."

"பேப்பர் சரியா வரலைன்னா?" என்று கேட்டேன்.

"மொதல்ல வரட்டும். அப்பறம் பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேறொரு பள்ளியில் படித்த என் டியூஷன் பையன் ஒருவனை முந்தின வருடம் டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இவர்களும் அதைத்தான் சுற்றி வந்து சொல்கிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரின் தங்கை வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். "வாத்தியார் புள்ள மக்கு, வைத்தியர் புள்ள சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க அண்ணி?" சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள். "பொம்பளப் புள்ள. இப்புடி ஒரு பேப்பரு வந்துச்சுன்னா கடைசி வரைக்கும் அது கூடவே வரும். பாத்துக்க."

அன்று முதல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஒரு தாள். அதில் ஏதோ ஒரு சொல் எழுதி வந்தால் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பிறகு கல்யாணம் இல்லை, ஊர் அவளைப் பார்க்கிற பார்வையே வேறு. அந்தத் தாளில் ஒன்றும் இல்லை என்று வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பெரம்பலூரில் குழந்தைகள் டாக்டர் முக்கால் மணி நேரம் பார்த்தார். கண்ணைச் சோதிக்க வேறொரு அறைக்கு அனுப்பினார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். எப்போது தவழ்ந்தாள், எப்போது நடந்தாள், பிரசவத்தில் சிக்கல் உண்டா என்று என்னைக் கேட்டார். பிறகு சொன்னார்: "சதை நல்லாருக்கு, நரம்பு நல்லாருக்கு, கண்ணும் சரி. புத்தியில ஒரு கொறையும் இல்ல. மனசுல நெனைக்கிறத கை காலு செய்யறதுக்குள்ள எங்கயோ தடுமாறுது. அதப் பாக்கறதுக்குன்னே ஒரு டெஸ்ட் இருக்கு." அரியலூருக்குச் சனிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து ஒரு தெரபிஸ்ட் வருவதாகவும், அவரைப் போய்ப் பார்க்கும்படியும் சீட்டு எழுதினார். கூடவே பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, வீட்டில் நிரப்பி எடுத்துப் போகச் சொன்னார்.

அவர் சொன்னதில் 'டெஸ்ட்' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. டெஸ்ட் என்றால் கேள்வித்தாள் இருக்கும். கேள்வித்தாள் இருந்தால் அது என்னவென்று தெரிந்துகொள்ள வழியும் இருக்கும்.

வழி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா தன் சின்ன மகனை இதே தெரபிஸ்டிடம் காட்டியிருந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். "உண்டியல் மாதிரி டப்பால காசு போடச் சொன்னாங்க. பாசி கோக்கச் சொன்னாங்க. கோட்டு மேல குதிகாலத் தூக்கிட்டு நடக்கச் சொன்னாங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சிலால இழுக்கணும். சின்னப் பை ஒன்னு, அதத் தூக்கி வட்டத்துல போடணும். ஒத்தக் கால்ல நிக்கணும். எல்லாத்துக்கும் வாட்ச வச்சு செகண்ட் எண்ணுறாங்க." நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பையனுக்கு என்ன வயது என்று கேட்கவில்லை. இப்போது அவன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கேள்வித்தாள் மட்டும்தான்.

எங்களுக்குக் கிடைத்த சனிக்கிழமைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. டியூஷன் பிள்ளைகள் போனதும் ஆரம்பிப்பேன், காலையில் பல் விளக்கியதும் திரும்ப ஆரம்பிப்பேன். பழைய ஹார்லிக்ஸ் டப்பா மூடியில் கத்தியால் கீறி உண்டியல் செய்தேன். மக்காச்சோளத்தைத் துணியில் கட்டித் தைத்துப் பை செய்தேன். டைல்ஸ் மேல் சிவப்பு டேப் ஒட்டிக் கோடு போட்டேன். செல்போனில் நேரம் வைத்தேன். பன்னிரண்டு காசு போட முதல் நாள் ஐம்பத்தொரு செகண்ட். இரண்டாம் வாரத்தில் முப்பது. கோடு இழுக்கும் தாளை ஜெராக்ஸ் எடுத்து நாளைக்கு நான்கு கொடுத்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுப்பாள், முடிக்கும்போது நெற்றியில் வியர்வை நிற்கும்.

ஒரு நாள் அடித்தேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும். பாசி கோக்கும்போது தட்டு கவிழ்ந்து அத்தனை பாசியும் கட்டிலுக்கு அடியில் ஓடின. மூன்றாவது தடவை. கையில் ஸ்கேல் இருந்தது, விரல் முட்டியில் ஒரு அடி வைத்தேன். அவள் அழவில்லை. குனிந்து பாசிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அன்று ராத்திரி என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் செல்போனை எடுத்து நேரம் வைத்தேன்.

படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு செயலைச் சொல்லி, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடச் சொல்லியிருந்தது. ஐந்து என்றால் நன்றாகச் செய்கிறாள், ஒன்று என்றால் செய்யவே வராது. பதினைந்துக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. உடம்பெல்லாம் தூசியோடு வந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இருக்கறத இருக்கறபடி எழுதேன்" என்றார். "நீங்க போயி மொதல்ல குளிங்க" என்றேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்பது அவருக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரிந்துபோன விஷயம்.

சனிக்கிழமை காலை பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினோம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போனதால் பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மகள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்: "உண்டியல், பாசி, கோடு, பை, ஒத்தக்காலு." பரீட்சைக்குப் போகிற பிள்ளை கடைசி நேரத்தில் சூத்திரம் சொல்லிப் பார்ப்பது போலத்தான்.

"வூட்ல பண்ணிப் பாத்தோம்னு அங்க சொல்லக் கூடாது, சரியா?" என்றேன் காதில்.

"பொய் சொல்லணுமாம்மா?"

"பொய் இல்ல. சொல்ல வேணாம், அவ்ளோதான்."

"கேட்டா?" என்றாள். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மருந்துக் கடை ஒன்றின் மேல் மாடியில் அறை. தெரபிஸ்ட் சின்ன உருவம், முப்பது வயதுக்குள் இருக்கும், காட்டன் சுடிதார். மகளிடம் பெயரைக் கேட்டார், என்ன பிடிக்கும் என்று கேட்டார், இன்று காலை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். என்னைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நீங்க எதுவும் பேசக் கூடாதும்மா. சாடையும் காட்டக் கூடாது. அவளா செய்யட்டும்." நான் கொடுத்த படிவத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்தார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். நான் கழுத்தை நீட்டி அதற்குள் உண்டியலைத் தேடினேன்.

உண்டியல் இல்லை. துளைகள் போட்ட ஒரு பலகையையும் சிறு பிளாஸ்டிக் முளைகளையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு முளையையும் ஒரு கையால் எடுத்து ஒரு துளையில் வைக்க வேண்டும், முதலில் ஒரு கை, பிறகு மற்றக் கை.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என் டியூஷனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தால் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

முளைகள் விழுந்தன. மேசையில் ஒன்று, தரையில் இரண்டு. ஒவ்வொன்று விழும்போதும் 'டக்' என்று சத்தம் கேட்டது. அடுத்தது பாசி இல்லை, துளைகள் வழியே கயிற்றை மேலும் கீழுமாகக் கோத்துக் கொண்டுபோக வேண்டிய அட்டை. கயிறு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பென்சில் கோடு வந்தது. எனக்கு மூச்சு வந்தது. எண்பது தாள் இழுத்த கை, ஒரே ஒரு இடத்தில்தான் தாண்டியது. தெரபிஸ்ட் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

பந்தைச் சுவரில் எறிந்து இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். பத்துக்கு ஒன்றுதான் பிடித்தாள், அதுவும் நெஞ்சில் பட்டு நின்ற பந்து. பையை வட்டத்தில் போடச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது. நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாகப் போட்டாள். தெரபிஸ்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அடுத்துத் தரையில் கோடு. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

"இல்ல பாப்பா. குதிகாலத் தூக்க வேணாம். ஒரு கால் வெரல ஒட்டி இன்னொரு காலோட குதிகால வச்சு, அப்புடியே நடக்கணும். பாரு, இந்த மாதிரி." அவர் நடந்து காட்டினார்.

அவள் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவதில் சாய்ந்தாள். திரும்ப வந்து கோட்டின் ஆரம்பத்தில் நின்றாள். கை இரண்டையும் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். அப்போதுதான் அவள் கேட்டாள்:

"மேடம், உண்டியல்ல காசு போடுறது எப்ப?"

தெரபிஸ்ட் மெதுவாக, "எந்த உண்டியல் பாப்பா?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவசரமாக, "எங்க வூட்ல உண்டியலே இல்ல மேடம்" என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தெரபிஸ்ட் பேனாவை மூடிவைத்தார். "போதும்டா, ரெஸ்ட் எடுத்துக்க" என்று சொல்லி மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். மகள் அதை அண்ணாந்து குடித்தாள். யார் பாட்டிலிலும் வாய் வைக்கக் கூடாது என்று நான் பழக்கியிருந்தேன். தண்ணீர் மூக்கில் ஏறி, கழுத்தில் வழிந்து, கவுன் முன்பக்கம் முழுக்க நனைந்தது.

அவள் உடனே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். திரும்பும்போதே இடது தோள் காது வரை உயர்ந்தது, தலை ஒரு பக்கம் ஒதுங்கியது. அடி விழப்போகிற பிள்ளை ஒதுங்குகிற விதம். நான் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. தெரபிஸ்ட் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

அவர் படிவத்தை அப்போதுதான் பிரித்தார். கூட்டிப் பார்த்தார். "எழுபத்தஞ்சுக்கு எழுபத்தஞ்சு" என்றார். "என் பொண்ணுக்கே நான் இவ்ளோ போட மாட்டேங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "டெஸ்ட்டுன்னு சொன்னீங்க. டெஸ்ட்டுக்குப் படிச்சிட்டு வரது தப்பாங்க? எங்க பக்கத்துத் தெருப் பையனுக்கு உண்டியல் வச்சீங்களாம், இவளுக்கு வச்சது வேற. அது மட்டும் நியாயமா?"

"உண்டியல் அஞ்சாறு வயசுப் புள்ளைங்களுக்கும்மா. வயசுக்குத் தகுந்த மாதிரி டெஸ்ட் மாறும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ரத்த டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்னங்க படிச்சிட்டுப் போவீங்க?"

பதினோரு வருடத்தில் என்னிடம் பதில் இல்லாமல் போன கேள்வி அது ஒன்றுதான்.

"நீங்க நெனச்ச மாதிரியே எல்லாம் நல்லா வந்துருச்சுன்னு வைங்க. 'குறை ஒன்னும் இல்ல'ன்னு எழுதிக் குடுத்திருப்பேன். நீங்களும் ஸ்கூல்ல குடுத்திருப்பீங்க. அதுக்கப்பறம் இவ எழுதி முடிக்கலைன்னா என்ன நெனப்பாங்க?"

சொல்லத் தேவையில்லாமலே எனக்குத் தெரியும். வேணும்னே பண்றா. என் வாயில் இருந்த அதே வார்த்தையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் கொடுத்திருப்பேன்.

"பேப்பர்ல ஏதாச்சும் வந்தா டி.சி. குடுத்துருவாங்க மேடம்" என்றேன்.

"அவங்க அப்புடிச் சொன்னாங்களா?"

"சொல்லல."

"கூட நேரம் குடுக்கறதுக்கு, வாயால பதில் வாங்கி மார்க் போடறதுக்கு, ஸ்கூலுக்கு ஒரு பேப்பர் வேணும்மா. அதுக்குத்தான் கேட்டுருப்பாங்க." பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "இன்னைக்கு எடுத்த மார்க்க நான் வச்சுக்க முடியாது. பழகிட்டு வந்ததுல எது அவளோடது, எது நீங்க பழக்கினதுன்னு எனக்குத் தெரியல. மறந்து போறதுக்குக் கொஞ்ச மாசம் விட்டுத்தான் திரும்ப எடுக்கணும்."

பரீட்சைக்கு ஆறு வாரம்கூட இல்லை. மகளுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு நாள் பாடுபட்டு, அவளுக்குக் கிடைக்க வேண்டியதை நானே கெடுத்துவிட்டேன். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த அறையில் அழுதேன், வெட்கப்படவில்லை. மகள் ஈரக் கவுனோடு வந்து என் முழங்கால் பக்கத்தில் நின்றாள்.

தெரபிஸ்ட் மேசை டிராயரிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "டாக்டர் எழுதினது இருக்கு. ஸ்கூல் நோட்டு கொண்டு வந்துருக்கீங்க. பொத்தான் போடறது, ஷூ போடறது, படி எறங்கறது, நான் இப்ப பாக்கறேன். நீங்க இதையாவது உள்ளபடி எழுதிக் குடுங்க. சோதனை இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு, அதுவரைக்கும் கூட நேரம் குடுங்கன்னு ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் தரேன். கேப்பாங்களான்னு உறுதி சொல்ல முடியாது. கேட்டுப் பாக்கலாம்." சொல்லிவிட்டு, அடுத்து வந்திருந்தவர்களைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

பேனாவை எடுத்தேன். முதல் கேள்வியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் பிள்ளைக்கு மார்க் குறைக்க எனக்கு ஒரு நொடி ஆகாது. இங்கே கை எழவில்லை.

"நான் படிக்கட்டாம்மா?" என்றாள் மகள். நான் பதில் சொல்வதற்குள், கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். தன் மேல் எறியப்படும் பந்தைப் பிடிப்பது பற்றிய கேள்வி. வாசித்துவிட்டு, "ஒன்னு போடு" என்றாள்.

"ரெண்டு போடலாம். ஒரு பந்து புடிச்சியே."

"அது தானா வந்து நின்னுச்சும்மா. ஒன்னு."

ஒன்று போட்டேன். அடுத்தது எழுதும் வேகம். "ஒன்னு." அடுத்தது புது விளையாட்டைக் கற்றுக்கொள்வது. யோசித்தாள். "எனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள அவளுங்க வெளையாட ஆரம்பிச்சிருவாளுங்க. ரெண்டு." இதையெல்லாம் அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு கேள்விக்கு மனசு கேட்காமல் மூன்று போட்டுவிட்டேன். அவள் விரலை அந்த எண் மேல் வைத்தாள். "அம்மா, ரெண்டுதான். ஏமாத்தக் கூடாது." அது எங்கள் ஹாலில் பலகையின் மூலையில் நான் எழுதிப் போட்டிருக்கிற வாசகம். அடித்துவிட்டு இரண்டு போட்டேன். பதினைந்தும் முடிந்தன. இந்தத் தடவை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

"இந்தப் பேப்பர மிஸ்கிட்ட குடுத்தா, நான் வேணும்னே பண்ணலைன்னு நம்புவாங்களா?"

"நம்புவாங்க தங்கம்."

"நீ?"

அவளைப் பக்கத்தில் இழுத்து நனைந்த கழுத்தை முந்தானையால் துடைத்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், மனசில் உறுத்திக்கொண்டிருந்த அந்த ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். "நம்புறேன்டி. அன்னைக்கு ஸ்கேலால அடிச்சேன்ல, அது அம்மா பண்ண தப்பு."

அவள் முகத்தைச் சுருக்கி யோசித்தாள். குத்திக்காட்டுகிற வயது இல்லை அவளுக்கு. நான் எந்த நாளைச் சொல்கிறேன் என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"என்னைக்கும்மா?"